கொலஸ்ட்ரால் மாத்திரையால் சர்க்கரை ஏறுகிறதா? அப்பா நிறுத்திவிட்டார், என்ன செய்வது?

வாய்க்கால்கரை:

வணக்கமுங்க. எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அப்பாவைப் பற்றிக் கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. பிரஷருக்கு ஒரு மாத்திரை. மற்றபடி நெஞ்சுவலி, ஆபரேஷன் என்று எதுவும் வந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அப்படியே வரப்பில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. 54 வயதுதான். காரியம் முடிந்த கையோடு அப்பாவைக் கூட்டிப்போய் எல்லா டெஸ்டும் எடுத்தோம். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 168. மூன்று மாத சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 5.8. அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் எழுதிக்கொடுத்து, விடாமல் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். இதனால் சர்க்கரை கூட வாய்ப்பிருக்கிறது என்று அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்னும் அதில்தான் கோபம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்ததில் எல்டிஎல் 86க்கு இறங்கியிருந்தது. சர்க்கரையோ 6.3. இந்த நேரம் பார்த்து ஒரம்பரை ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார், ஸ்டாட்டின் என்கிற இந்த வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை நோய் வரும் என்று. அப்பா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தபோது சுவரில் இருக்கிற மாடக்குழியைப் பார்த்தேன். மாட்டு மருந்து டப்பாவுக்குப் பின்னால் ஆறு அட்டை. ஒரு மாத்திரைகூட உடைக்கவில்லை.

கேட்டதற்கு, "வராத நோவுக்கு மாத்திரையைத் தின்னு வராத சர்க்கரையை வாங்கிக்கோணுமா கண்ணு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயமா இல்லையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்:

அப்பா செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது, அக்கா. என் மாமனாருக்கும் இதே கதைதான். இந்த மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை வருடத்தில் சர்க்கரை என்று எழுதிவிட்டார்கள். இப்போது அதற்கு இரண்டு மாத்திரை. ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது. நெஞ்சுக்கு ஒன்றும் இல்லாதவருக்கு எதற்கு இது? கொள்ளு, வெந்தயம், பூண்டு என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

பொழுதோட நடை:

தம்பி தறிச்சத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் காங்கேயம். 2019இல் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அப்புறம் கால் குடைச்சல், சர்க்கரை பயம், எல்லாம் சேர்ந்து யாரிடமும் சொல்லாமல் கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் விட்டேன். நாலாவது மாதம் பொழுதோட மாட்டுக்குத் தட்டு அறுத்துக்கொண்டிருக்கையில் மறுபடியும் அதே வலி. இன்னொரு இடத்தில் அடைப்பு. நிறுத்தியதால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய எனக்குத் தெரியாது. ஆனால் ஐசியூவில் படுத்திருந்த அந்த மூன்று நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இந்த அம்மிணியின் அப்பா கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

பழைய மருந்துக்கடை:

பெருந்துறையில் 27 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே கிடையாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை. 2008இல் வெளிவந்த ஜூபிடர் என்ற ஆய்வில் கிட்டத்தட்ட 17,800 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் 20 மில்லிகிராம், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை வந்தவர்கள் அந்தப் பக்கம் 270 பேர், இந்தப் பக்கம் 216 பேர். அதே ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் மருந்து சாப்பிட்டவர்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. 2010இல் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 91,000க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். சர்க்கரை வரும் வாய்ப்பு 9 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மாத்திரைச் சீட்டிலேயே அச்சிடச் சொன்னது. ஆக, இது ஒளித்துவைத்த ரகசியம் இல்லை. அம்மிணியின் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தவர் சொல்லாமல் விட்டது தப்புதான். அதில் உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் 9 சதவீதம் என்றதும் நூற்றில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை வருகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நூறு பேருக்கு வரவேண்டிய இடத்தில் நூற்றொன்பது பேருக்கு வருகிறது என்று பொருள். அந்த 2010 கணக்கையே தலைக்கட்டாகப் போட்டால், 255 பேர் நாலு வருடம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை வரும். அதே 255 பேரில் சுமார் 5 பேருக்கு மாரடைப்போ அதனால் சாவோ தவிர்க்கப்படும். ஒரு சின்னக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் என்று நினைத்துப் பாருங்கள். பந்தியில் ஒருவர் இலையிலிருந்து இனிப்பு ஒப்புட்டை எடுத்துவிட வேண்டியிருக்கும். ஐந்து பேர் அடுத்த கல்யாணத்துக்கும் வருவார்கள்.

தறிச்சத்தம்:

அண்ணா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்த 13 ஆய்வுகளில் ஏற்கெனவே நெஞ்சுநோய் உள்ளவர்களும் கலந்துதானே இருந்தார்கள்? அவர்களுக்குப் பலன் அதிகம். அக்காவின் அப்பாவுக்கு ஒன்றும் வந்ததில்லை. அவருக்கும் அதே ஐந்தா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பழைய மருந்துக்கடை:

நல்ல கேள்வி தம்பி. அதே ஐந்து இல்லை, நெஞ்சுக்கு ஒன்றும் வராதவர்களுக்குக் குறைவுதான். எவ்வளவு குறைவு என்பது ஆளைப் பொறுத்தது. 35 வயது, பிரஷர் இல்லை, பீடி இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் நானே மாத்திரை வேண்டாம் என்று நினைப்பேன். இவருக்கு 61 வயது, பிரஷர் இருக்கிறது, எல்டிஎல் 168, கூடப் பிறந்த தம்பி 54இல் போயிருக்கிறார். அப்பாவோ அண்ணன் தம்பியோ 55க்கு முன்னால் மாரடைப்பில் போனால் அதை டாக்டர்கள் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். இவரை வராத நோவுக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரக் காத்திருக்கும் நோவு.

ஈரோடு லேப்:

நான் ஈரோட்டில் ஒரு லேப்பில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் தினமும் இந்த எண்களோடுதான் என் பிழைப்பு, அதனால் ஒன்று கேட்கிறேன். 5.8 எப்படி 6.3 ஆனது?

2024இல் பெரிய ஆய்வுகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தோடு சேர்த்து மறுபடியும் அலசினார்கள். குறைந்த, நடுத்தர டோஸில் சர்க்கரை வரும் வாய்ப்பு 10 சதவீதம் கூடுகிறது. அதிக டோஸில் 36 சதவீதம். அடோர்வாஸ்டாட்டின் 40 அதிக டோஸ் கணக்கில்தான் வரும், அதனால் அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஹெச்பிஏ1சி சராசரியாக எவ்வளவு ஏறியது தெரியுமா? குறைந்த, நடுத்தர டோஸில் 0.06. அதிக டோஸில் 0.08. அவ்வளவுதான். புதிதாகச் சர்க்கரை என்று எழுதப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஏற்கெனவே கோட்டுக்கு, அதாவது சர்க்கரை நோய் என்று எழுதும் 6.5க்கு, பக்கத்தில் நின்றவர்கள். இந்த மாத்திரை அவர்களை லேசாகத் தள்ளியிருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு ஏறியது 0.5. சராசரியைவிட ஒருவருக்குக் கூடலாம், குறையலாம், சரி. ஆனாலும் முழுப் பழியையும் மாத்திரைமேல் போட எனக்கு மனம் வரவில்லை. மீதி எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

இரண்டு டெஸ்டையும் ஒரே லேப்பில் எடுத்தீர்களா? இடம் மாறினாலே கொஞ்சம் வித்தியாசம் வரும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, முந்தின நாள் நோம்பிக்கு ஒப்புட்டு தின்றதால் ஏறிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஹெச்பிஏ1சி அசையாது.

சென்னிமலைத்தாய்:

மருந்தால் சர்க்கரை ஏறுவது எப்படி இருக்கும் என்று என் அத்தையிடம் பார்த்தவள் நான். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடியை எட்டு மாதம் சாப்பிட்டார்கள். வலி மந்திரம் போட்டதுபோல் நின்றது. முகம் ஊதி வட்டமானது. சர்க்கரை 320. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார்கள். அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும் என்று மாத்திரையாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். அது சர்க்கரையை நூறு நூறாக ஏற்றும் மருந்து. லேப் அக்கா சொன்ன 0.08ஐயும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஸ்டாட்டினுக்குப் பயந்து பேர் தெரியாத பொடிக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் டாக்டர் ஸ்டீராய்டு எழுதினால் அது வேறு. அங்கே அளவும் உண்டு, கண்காணிப்பும் உண்டு.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றிங்க. லேப் அக்கா "மீதி எங்கிருந்து வந்தது" என்று கேட்டது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெடியாலயிருந்து பொழுது சாயும் வரை அப்பா கூடவே இருந்து பார்த்தேன்.

வெடியால ஐந்தரைக்கு டீ. பால் கறந்து முடித்ததும் டீ. பத்தரைக்கு வயலில் ஆள்களோடு ஒன்று. மூன்று மணிக்கு ஒன்று, பொழுதோட ஒன்று. ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் அம்மா நாட்டுச் சர்க்கரை போடுவதைப் பார்த்தேன். கரண்டியால் இல்லை, டப்பாவுக்குள் கிடக்கும் பழைய மூடியால் அள்ளிப் போடுகிறார்கள். கேட்டதற்கு, "இது கவுந்தப்பாடிச் சக்கரைடா, வெள்ளைச் சீனிய நிறுத்தி ரண்டு வருசமாச்சு" என்கிறார்கள். சித்தப்பா போனபிறகு உடம்புக்கு நல்லது என்று மாற்றியது. நல்லதுதானே என்று அளவையும் கூட்டியிருக்கிறார்கள். ஒரு மூடியைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 14 கிராம். ஐந்து டீக்கு 70 கிராம்.

அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் மோட்டார் போட நாளைக்கு நாலு தடவை கிணற்றடிக்கு நடப்பார். இப்போது போனிலேயே மோட்டாரைப் போட்டு அணைக்கிறார். உழவு மாடுகளை விற்றாயிற்று. வயலுக்குப் போவதும் மொபெட்டில். இரண்டு வருடத்தில் எடை 71லிருந்து 78.

மாத்திரை ஆரம்பித்த அதே மாதத்தில்தான் இத்தனையும் மாறியிருக்கிறது. நாங்கள் மாத்திரையை மட்டும் பார்த்தோம்.

ஈரோடு லேப்:

நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரைதான், அம்மிணி. வேலை செய்யும் இடத்தில் இதை நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, சுத்தம், மணம், எல்லாம் உண்மை. கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் உங்கள் அப்பாவைப்போல் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்டாட்டினைக் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அம்மாவும் அதே டீதானே குடிக்கிறார்கள்? அவர்களுக்கு எப்போது பார்த்தீர்கள்?

பொழுதோட நடை:

நடையைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வில், சர்க்கரைக்கு முந்தின நிலையில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்து முயன்றதில் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையில் செய்த ஆய்வு 2006இல் வந்தது. நம் ஆள்களுக்கு அந்த அளவு இல்லை, ஆனாலும் 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மாத்திரை 10 கூட்டுகிறது, அதிக டோஸ் 36 கூட்டுகிறது என்று பயப்படுகிற நாம் இந்தக் குறைவையும் கூடவே எண்ண வேண்டாமா? அப்பாவுக்கு 78 கிலோ என்றால் ஐந்தரைக் கிலோ இறக்கினால் போதும். மொபெட் சாவியை வாங்கி வையுங்கள்.

பழைய மருந்துக்கடை:

டோஸ் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது இதைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஸ்டாட்டினில் பெரும்பகுதி வேலையை முதல் டோஸே செய்துவிடும். அதற்குமேல் ஒவ்வொரு தடவை இரட்டிப்பாக்கும்போதும் எல்டிஎல் இன்னும் 6 சதவீதம்தான் இறங்கும். அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கும், 40 போட்டால் ஏறத்தாழ பாதி. நாலு மடங்கு மருந்துக்குக் கிடைக்கிற கூடுதல் லாபம் அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை வாய்ப்பு 10லிருந்து 36க்குப் போகிறது. மாரடைப்பு வந்தவருக்கு அந்தக் கூடுதல் லாபம் தேவை, அவர் அதிக டோஸில் இருக்க வேண்டியவர். ஒன்றும் வராத, சர்க்கரைக் கோட்டில் நிற்கிற ஒருவருக்கு எடுத்தவுடன் 40 எதற்கு, 10 போதாதா, போதாவிட்டால் எசெட்டிமைப் சேர்க்கலாமா? இதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. எசெட்டிமைப் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற வேறு வகை மருந்து, அது எல்டிஎல்லை இன்னும் ஐந்தில் ஒரு பங்கு இறக்கும்.

நீங்களே மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். நான் கடையில் உட்கார்ந்து சொல்வதை வைத்தும் மாற்ற வேண்டாம். பிரஷர், கிட்னி, மற்ற மாத்திரை எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தறிச்சத்தம்:

மாமனார் ஃபைலைத் தேடி எடுத்தேன். ஸ்டாட்டின் ஆரம்பித்த அன்றைக்கே அவருக்கு 6.4 இருந்திருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, இத்தனை நாள் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. முதலில் நான் எழுதியதைப் படித்து யாராவது மாத்திரையை விட்டிருந்தால் தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் அக்கா சொன்ன கோபம் எனக்கும் இருக்கிறது. 6.4இல் நிற்கிற மனிதரிடம், இது லேசாக ஏற்றும், டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

வாய்க்கால்கரை:

வேறு ஒரு டாக்டரைப் பார்த்தோம். அரை மணி நேரம் பேசினார். அப்பா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார், வராத நோவுக்கு எதற்கு மாத்திரை என்று. டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. தம்பி எப்படி இறந்தார், அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார், முந்தின வாரம் மூச்சு வாங்கியதா என்று சித்தப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா சொல்லச் சொல்ல அழுதுவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் டாக்டர், சர்க்கரை வந்தால் அதற்கு மருந்து கொடுத்துக் கட்டுக்குள் வைக்க நாள் கிடைக்கும், உங்கள் தம்பிக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையே என்றார். மருந்துக்கடை அண்ணன் சொன்ன கேள்வியை நான் கேட்டேன். 10 மில்லிகிராமே போதும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்று மாற்றி எழுதினார். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது.

வாய்க்கால்கரை:

மூன்றரை மாதம் கழித்து வந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு எல்டிஎல் 104, ஹெச்பிஏ1சி 6.0, எடை 74. டீ இரண்டாகக் குறைந்திருக்கிறது, ஒன்றில் மட்டும் அரைக் கரண்டி. வயலுக்கு நடந்துதான் போகிறார். 104 போதுமா, எசெட்டிமைப் வேண்டுமா என்பதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் டாக்டர்.

லேப் அக்கா, நீங்கள் கேட்டதால் அம்மாவுக்கும் எடுத்தோம். 7.6. வெறும் வயிற்றில் 158. ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை, எல்லோரும் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெட்ஃபார்மின் ஆரம்பித்திருக்கிறார்கள். கூடவே அடோர்வாஸ்டாட்டின் 10. சர்க்கரை உள்ளவர்களுக்கு நாற்பது வயதுக்குமேல் நெஞ்சுக்காக இதைக் கொடுப்பது வழக்கமாம். அம்மா பயந்துபோய்க் கேட்டார்கள், சர்க்கரையை ஏற்றுகிற மாத்திரையைச் சர்க்கரைக்காரிக்கே கொடுக்கிறார்களே என்று. அப்பாதான் உட்காரவைத்து விளக்கம் சொன்னார், 255 பேர், ஐந்து பேர் கணக்கு முதற்கொண்டு.

மெட்ஃபார்மின் சாப்பிட்டதும் அம்மாவுக்கு வயிறு புரட்டுகிறது. சாப்பாட்டோடு போடச் சொல்லியிருக்கிறார்கள், அப்படித்தான் போடுகிறார்கள், இன்னும் சரியாகவில்லை. மருந்துக்கடை அண்ணா, இது எத்தனை நாள் இருக்கும்?

பழைய மருந்துக்கடை:

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். சாப்பாட்டுக்கு நடுவில் போடச் சொல்லுங்கள். அதற்குமேலும் இருந்தால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அம்மா தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடக்குழியையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.